அடித்தெழுதிய வரிகளையும் தாருங்கள்: அமெரிக்க மெய்யியல் செம்பதிப்புகளின் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே,

சார்ல்ஸ் சாண்டர்ஸ் பர்ஸ், வில்லியம் ஜேம்ஸ், ஜான் டூயி, ஜார்ஜ் சாந்தயானா, ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட் ஆகியோரின் எழுத்துகளைச் செம்பதிப்பாக்கி வரும் ஆசிரியர் குழுக்களுக்கும், அவற்றை வெளியிடும் பல்கலைக்கழகப் பதிப்பகங்களுக்கும் இம்மடலைத் தமிழில் எழுதுகிறேன். உங்களில் பெரும்பாலோர் இதை நேரடியாகப் படிக்கப்போவதில்லை என்பதை அறிவேன். ஆயினும் இந்நூல்களைத் தமிழின் வழியே அணுகும் வாசகர் கூட்டம் ஒன்று, சிறியதே எனினும், இருக்கிறது. இச்சிந்தனையாளர்கள் எழுதி, அடித்து, மாற்றிய வடிவங்களையும் எல்லாரும் காணத் திறந்து வையுங்கள் என்பதே என் வேண்டுகோள்; உங்களிடம் கேட்கப்படுவது இன்னதென்று அவர்களும் அறிய வேண்டும் என்பதால் இந்த மொழியையே தேர்ந்தேன்.

டூயியின் ‘அனுபவமும் இயற்கையும்’ நூலின் முதல் அத்தியாயத்தைத் தமிழாக்க அமர்ந்தபோதுதான் இந்த வழக்கு எனக்குள் தொடங்கியது. என் கையில் இருந்த மலிவு மறுபதிப்பில் முதல் அத்தியாயமாக இருந்தது, 1925இல் அந்நூல் முதன்முதலாக வெளிவந்தபோது இருந்த அத்தியாயமே அன்று என்பதை அறிய எனக்கு ஆறு மாதம் பிடித்தது. 1929இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது டூயி அந்த அத்தியாயத்தை முழுவதுமாகத் திரும்ப எழுதினார். அறிமுகமாக இருக்க வேண்டிய பகுதி, அது அறிமுகப்படுத்த வந்த அத்தியாயங்களைவிடக் கடினமாகிப்போயிற்று என்று அவரே ஒப்புக்கொண்டார். தம் மெய்யியலை ‘அனுபவ இயற்கைவாதம்’ என்றோ ‘இயற்கைவழி அனுபவவாதம்’ என்றோ அழைக்கலாம் என்று அவர் சொல்லும் புகழ்பெற்ற தொடக்கம் 1929இல் வந்ததே. பழைய அத்தியாயத்தைத் தேடிப் போனபோது, தெற்கு இல்லினாய் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட டூயி தொகுப்பில், பிற்காலப் படைப்புகளின் முதல் தொகுதியின் பின்னிணைப்பாக அது கிடைத்தது. கண்டதும் நன்றியுணர்ச்சி பெருகியது. அடுத்த கணமே ஒரு சங்கடமும் எழுந்தது. ஒரு சிந்தனையாளர் நான்கு ஆண்டு இடைவெளியில் தம் நூலின் வாசலையே இடித்துக் கட்டியிருக்கிறார். புதிய வாசல் முகப்பில் நிற்க, பழையது பின்கட்டில் கிடக்கிறது.

அந்த நான்கு ஆண்டுகளுக்கு நடுவில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரிந்த கதைதான் என்றாலும், தமிழ் வாசகருக்காக இங்கே சொல்ல வேண்டும். 1925 டிசம்பரில் ‘ஜர்னல் ஆஃப் ஃபிலாசஃபி’ இதழில் சாந்தயானா அந்நூலுக்கு மதிப்புரை எழுதினார். டூயியின் இயற்கைவாதம், அதாவது மனிதனும் மனமும் உட்பட யாவும் இயற்கைக்குள் அடங்கும் என்னும் கொள்கை, அரைமனதானது, மூச்சு நீளாதது என்பது அவருடைய தீர்ப்பு. இயற்கையில் முன்புலம், பின்புலம் என்று ஏதும் இல்லை, இங்கே என்பதும் இப்போது என்பதும் இல்லை, மற்ற யாவற்றையும் விளிம்பாக்கிவிடும் மையம் ஒன்றும் இல்லை. அவையெல்லாம் ஓர் உயிர் தன் தேவையால் வரைந்துகொள்ளும் காட்சிக்கோணம் மட்டுமே. டூயியோ மனித அனுபவமாகிய முன்புலத்தை இயற்கையின் மீதே ஏற்றிவிட்டார் என்பது அவர் வாதம். 1927இல் டூயி அதே இதழில் ‘அரைமனது இயற்கைவாதம்’ என்ற தலைப்பையே எடுத்துக்கொண்டு பதில் சொன்னார். நான் அரைமனது என்றால் நீங்கள் முதுகு முறிந்தவர் என்பது அந்தப் பதிலின் தொனி. மனித வாழ்வு இயற்கையின் தொடர்ச்சியே, அதன் சிக்கலாக்கமே எனில், முன்புலமும் இயற்கைக்குள்தானே இருக்கிறது, அதை வெறும் தோற்றம் என ஒதுக்கினால் மனிதனுக்கும் இயற்கைக்கும் நடுவே மீண்டும் ஒரு பிளவை நுழைத்தவர் நீங்கள் அல்லவா என்று அவர் கேட்டார். இருபதாம் நூற்றாண்டு இயற்கைவாதத்தின் மையக் கேள்வி இந்த இரண்டு கட்டுரைகளுக்கு இடையில் கிடக்கிறது என்பது என் கருத்து. பின்னாளில் இயற்கைவாதம் என்றாலே இயற்பியல் ஒப்புக்கொள்வதை மட்டும் ஒப்புக்கொள்வது என்று சுருங்கிப்போன நிலையில், இந்தப் பழைய சண்டையின் அகலத்தைக் காணும்போது மலைப்பாக இருக்கிறது. இருவரில் ஒருவரும் விஞ்ஞானத்தை மறுக்கவில்லை, ஆவியுலகை அழைக்கவில்லை. கவிதையும் வழிபாடும் அறமும் இயற்கைக்குள் எங்கே நிற்கின்றன என்பதே அவர்களுக்கு இடையிலான வழக்கு.

இந்த வழக்கின் நடுவில் நின்று 1929ஆம் ஆண்டு அத்தியாயத்தைப் படிப்பது ஒன்று. வானத்திலிருந்து விழுந்த தெளிந்த பிரதியாக அதைப் படிப்பது வேறொன்று. இங்கேதான் உங்கள் பதிப்பு நெறியைப் பற்றி எனக்கு ஒரு சொல் இருக்கிறது.

ஜேம்ஸ், டூயி பதிப்புகள் தொடங்கிய காலத்தில் அமெரிக்காவில் கோலோச்சியது கிரெக், பவர்ஸ் என்னும் பாடத்திறனாய்வாளர் இருவர் பெயரால் வழங்கும் நெறி. ஃபிரெட்சன் பவர்ஸ் இப்பதிப்புகளோடு நேரடித் தொடர்பு கொண்டவர். நிறுத்தக்குறி, எழுத்துக்கூட்டல் போன்றவற்றுக்கு ஆசிரியரின் கைக்கு மிக நெருங்கிய ஆரம்ப வடிவத்தை அடிப்படையாகக் கொள்வது, சொல்லிலும் பொருளிலும் ஆசிரியர் பிற்காலத்தில் செய்த மாற்றங்களை அதில் புகுத்துவது, இவ்வாறு ஆசிரியரின் ‘இறுதி நோக்கம்’ என்று கருதத்தக்க ஒரு பாடத்தை, அதாவது நூலின் சொல்வடிவத்தை, உருவாக்குவது, அந்தப் பாடத்தைக் குறுக்கீடே இல்லாத தெளிந்த பக்கமாக முன்னால் அச்சிட்டு, பாடவேறுபாடுகளையெல்லாம் பட்டியலாக நூலின் இறுதிக்குத் தள்ளுவது என்பன அதன் சாரம். நெறி நேர்மையானது, உழைப்பு அசாத்தியமானது. ஜோ ஆன் பாய்ட்ஸ்டன் தலைமையில் டூயியின் முற்காலம் ஐந்து, இடைக்காலம் பதினைந்து, பிற்காலம் பதினேழு என 37 தொகுதிகள் முடிக்கப்பட்டதை, ஏடு தேடி அலைந்த உ.வே.சாமிநாதையரை மதிக்கும் எந்தத் தமிழரும் எழுந்து நின்று வணங்குவார். ஆனால் இந்த நெறிக்கு அடியில் ஒரு மெய்யியல் இருக்கிறது, அது டூயியின் மெய்யியல் அன்று. ஆசிரியரின் மனத்தில் முழுமையடைந்த ஒரு கருத்துரு இருக்கிறது, உலகில் கிடைக்கும் அச்சுப்படிகள் அதன் பழுதுபட்ட நிழல்கள், பதிப்பாசிரியர் நிழல்களிலிருந்து மூலத்தை மீட்பவர் என்பது பிளேட்டோவின் குரல். எண்ணம் முதலில் உருவாகிப் பிறகு வெளிப்படுவதில்லை, வெளிப்படும் வேலையிலேயே உருவாகிறது என்று கலையைப் பற்றியும் விசாரணையைப் பற்றியும் ஓயாமல் சொன்னவரின் நூலை, அவர் மறுத்த கொள்கையின்படி பதிப்பித்திருக்கிறீர்கள். (சாந்தயானா இதைக் கேட்டால் புன்னகைப்பார். சாரங்களின் உலகம் காலத்துக்கு அப்பாற்பட்டது என்று எழுதியவர் அவர். பவர்ஸின் நெறி அவருக்குப் பொருந்தும் என்று நீங்கள் வாதிடலாம். ஆனால் அந்தச் சாரங்களைக் காணும் கண், பசியும் பயமும் உள்ள ஒரு விலங்கின் கண் என்றும் அவரே எழுதினார்.)

பர்ஸின் கதை இதைவிடக் கடுமையானது. அவர் பெயரைத் தமிழில் பியர்ஸ் என்றே எழுதிப் பழகிவிட்டோம். பணம் வைக்கும் பர்ஸை ஒத்த ஒலிப்பே சரியானது, கடைசி இருபது ஆண்டுகள் அது பெரும்பாலும் காலியாகவே இருந்தது என்பது வேறு விஷயம். 1914 ஏப்ரலில் பென்சில்வேனியாவின் மில்ஃபோர்டு அருகே அவர் இறந்தபோது, மெய்யியலில் முழு நூல் ஒன்றையும் அவர் வெளியிட்டிருக்கவில்லை. வீட்டில் இருந்தது கைப்பிரதிக் குவியல். ஹார்வர்டு மெய்யியலாளர் ஜோசையா ராய்ஸின் முயற்சியால் அது அந்தக் குளிர்காலத்தில் ஹார்வர்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பக்கங்கள் 80,000க்கு மேல். ராய்ஸ் 1916இல் மறைந்தார். தாள்கள் பிரிக்கப்பட்டு, கலைந்து, இடம் மாறின. 1931 முதல் 1935 வரை சார்ல்ஸ் ஹார்ட்ஷோர்னும் பால் வைஸும் ஆறு தொகுதிகளை வெளியிட்டார்கள். 1958இல் ஆர்தர் பர்க்ஸ் மேலும் இரண்டைச் சேர்த்தார். இன்று உலகம் பர்ஸை அறிந்திருப்பதே இந்த எட்டுத் தொகுதிகளால் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அவற்றின் ஒழுங்கு காலத்தைப் பின்பற்றியது அன்று, தலைப்பைப் பின்பற்றியது. 1890களின் பத்தி ஒன்றும் 1900களின் பத்தி ஒன்றும் ஒரே வாதத்தின் இரு படிகள் போல அடுத்தடுத்து நிற்கின்றன. 1877இன் ‘நம்பிக்கை நிலைபெறல்’ கட்டுரைக்கு அடியில், பிற்காலத்தில் முடிக்கப்படாத நூல்களுக்காக அவர் செய்த திருத்தங்கள் குறிப்புகளாகத் தொங்குகின்றன. 1898இல் மாசசூசெட்ஸ் மாநிலக் கேம்பிரிட்ஜில் ஆற்றிய தொடர் சொற்பொழிவுகள் துண்டுகளாக வெவ்வேறு தொகுதிகளில் சிதறின. அவை ஒரே தொடராக, ஒரே நூலாக வெளிவர 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு!

இதனால் விளைந்த கேடு வெறும் அழகியல் குறை அன்று. பர்ஸ் முரண்படுகிறார் என்று இரண்டு தலைமுறை ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஒரு பர்ஸ் இயற்கைவாதி, மற்றொரு பர்ஸ் இயற்கையைக் கடந்ததைத் தேடும் அதீதவாதி என்று அவரை இரண்டாகப் பிளந்து விளக்கம் சொன்ன நூலும் உண்டு. முரண்கள் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இருபது ஆண்டு வேறுபாட்டில் எழுதியவற்றை ஒரே நாளில் எழுதியவைபோல் அச்சிட்டால் எவர்தான் முரண்படமாட்டார்? ஐயம் என்னும் உறுத்தல் எழுகிறது, விசாரணை அதைத் தணிக்க முயல்கிறது, நம்பிக்கை செயலுக்கான பழக்கமாக நிலைபெறுகிறது, பின்பு மீண்டும் உறுத்துகிறது என்று அறிவை ஓர் உயிரினத்தின் நடத்தையாக விவரித்த மனிதரிடமிருந்து உறுத்தல்களை நீக்கிவிட்டுப் பழக்கங்களை மட்டும் கொடுத்தார்கள்.

இதைச் சரிசெய்யவே 1976இல் இண்டியானாபொலிஸில் மேக்ஸ் ஃபிஷ் முன்னின்று, கால வரிசையிலான பதிப்புத் திட்டம் தொடங்கியது. முப்பது தொகுதிகள் திட்டமிடப்பட்டன. முதல் தொகுதி 1982இல் வந்தது. ஆறாம் தொகுதி 2000இல் வந்தது. ஏழாம் தொகுதிக்கு முன்பே எட்டாம் தொகுதி, ஆறாம் தொகுதிக்குப் பத்தாண்டு கழித்து வந்தது. எட்டாம் தொகுதி தொடும் ஆண்டு 1892. அதாவது குறியியலின் (குறிகள் எப்படிப் பொருள் தருகின்றன என்னும் கோட்பாட்டின்) முதிர்ந்த வடிவம், 1903ஆம் ஆண்டுச் சொற்பொழிவுகள், ஒரு கருத்தின் பொருள் அதன் நடைமுறை விளைவுகளில் இருக்கிறது என்னும் தம் கொள்கையைப் பிறர் கடத்திக்கொண்டு போனதால் ‘பிராக்மாட்டிசம்’ என்ற பெயரை விட்டுவிட்டு, கடத்துபவரும் தொடமாட்டாத அளவு அசிங்கமான ‘பிராக்மாட்டிசிசம்’ என்ற பெயரை அவர் சூட்டிக்கொண்ட 1905ஆம் ஆண்டு எல்லாம் அந்த வரிசைக்கு வெளியே இன்னும் நிற்கின்றன. வேறு தொகுப்புகளில் அவற்றுள் பலவும் கிடைக்கின்றன என்பது உண்மை. ஆயினும் நான் கேட்பது இதுதான்: இறுதிப் பாடம் முடிவாகும் வரை மூலப்படியை ஏன் மறைத்து வைக்க வேண்டும்? ஒவ்வொரு காற்புள்ளிக்கும் நியாயம் சொல்லும் அச்சுப்பதிப்பு தன் வேகத்தில் வரட்டும். அதற்கு முன்பாக, கைப்பிரதியின் படமும் அதன் நேர்ப்படியெடுப்பும், தேதி உறுதியானால் தேதியோடும் உறுதியாகாவிட்டால் அந்த ஐயத்தோடும், எல்லாருக்கும் திறந்து வைக்கப்படலாம். பிழை இருக்கும். பிழை திருத்தப்படும். விசாரணை செய்வோரின் சமூகம் காலப்போக்கில் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்பது பர்ஸிடமிருந்து நாம் கற்ற பாடம். அவருடைய எழுத்து விஷயத்தில் மட்டும் அந்த நம்பிக்கையை நாம் கைவிட வேண்டுமா?

மீடைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அவர் பெயரில் உலகெங்கும் பாடமாக இருக்கும் ‘மனம், தன்னிலை, சமூகம்’ அவர் எழுதியதே அன்று. அவர் 1931இல் இறந்த பிறகு, வகுப்பறைக் குறிப்புகளைக் கொண்டு சார்ல்ஸ் மாரிஸ் 1934இல் தொகுத்தது. ‘சமூக நடத்தைவாதி’ என்ற அடைமொழியை அட்டையில் ஏற்றியவரும் மாரிஸே. 2015இல் வந்த புதிய பதிப்பு எந்த வரி எந்தக் குறிப்பிலிருந்து வந்தது என்று காட்டுகிறது. நான் வேண்டும் பதிப்பு முறைக்கு அதுவே கிட்டத்தட்ட எடுத்துக்காட்டு.

ஒருவர் எழுதிய வரி மட்டுமல்ல, படித்த வரியும் சிந்தனையின் பகுதி என்பதைச் சாந்தயானா பதிப்பினர் நன்றாக உணர்ந்திருக்கிறார்கள். அவர் தம் நூல்களின் ஓரங்களில் கிறுக்கியவற்றை இரண்டு பெரும் புத்தகங்களாக அவர்கள் வெளியிட்டதைப் பார்த்து முதலில் சிரித்தேன். பிறகு மாலை முழுதும் அதிலேயே மூழ்கினேன். ஓரக்குறிப்பில்தான் மனிதர் மரியாதையை மறக்கிறார். இந்த இடத்தில் எங்கள் பக்கத்துச் செய்தி ஒன்றையும் உங்கள் கவனத்துக்கு வைக்கிறேன். 1913 முதல் 1916 வரை கொலம்பியாவில் பயின்று, டூயியின் வகுப்புகளில் அமர்ந்த பீமராவ் அம்பேத்கர், 1936இல் வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ உரையில், தாம் பெரிதும் கடன்பட்ட ஆசிரியர் என்று டூயியைக் குறிப்பிட்டு, சமுதாயம் தன் கடந்தகாலத்திலிருந்து பட்டுப்போன மரத்தையும் சுமந்து வருகிறது, அதில் எதைக் காப்பது என்று தேர்வது அதன் கடமை என்னும் பொருள்பட வரும் வரிகளை ‘ஜனநாயகமும் கல்வியும்’ நூலிலிருந்து எடுத்துக்காட்டினார். அந்த உரையைப் பெரியார் ‘குடி அரசு’ வழியாகத் தமிழுக்குக் கொண்டுவந்தார். ஆக, டூயி தமிழுக்குள் நுழைந்தது மெய்யியல் துறையின் வாசல் வழியாக அன்று. 1952 ஜூன் மாதம் கொலம்பியா அளித்த கௌரவ முனைவர் பட்டத்தைப் பெற அம்பேத்கர் நியூயார்க் போய்க்கொண்டிருந்த வேளையில் டூயி காலமானார். ஆசிரியரைப் பார்க்க முடியாமல் போன வருத்தத்தை அவர் தம் மனைவிக்கு எழுதினார். அம்பேத்கர் கோடிட்டுப் படித்த டூயியின் நூல்கள் சில மும்பை சித்தார்த்தா கல்லூரியில் இருக்கின்றன; ஆய்வாளர்கள் அவற்றைப் பயன்படுத்தி எழுதத் தொடங்கியும் விட்டார்கள். டூயியின் ஒரு வரி எங்கே போயிற்று, யார் கையில் என்னவாயிற்று என்பதும் அந்த வரியின் வரலாறே. உங்கள் டிஜிட்டல் பதிப்புகளில் அந்தக் கோடுகளுக்கும் ஓர் இடம் இருக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

டிஜிட்டல் என்றவுடன் பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். டூயியின் முழுத் தொகுப்பும், அவருடைய கடிதப் போக்குவரத்தும் மின்வடிவில் இருக்கின்றன. ஆனால் சந்தா கட்டும் நூலகங்களுக்கு மட்டும். நான் அங்கத்தினனாக உள்ள நூலகம் ஒன்றில் அந்தச் சந்தா இல்லை. கேட்டபோது, ஒருவருக்காக வாங்க முடியாது என்று கனிவாகவே சொன்னார்கள். அவர்கள் மேல் குறை இல்லை. ஆனால் ‘அனுபவமும் இயற்கையும்’ அமெரிக்காவிலேயே இரண்டு வடிவங்களும் காப்புரிமை நீங்கிவிட்டன: 1925 வடிவம் 2021இல், 1929 வடிவம் 2025இல். ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டு என்பது இந்தியச் சட்டம். 1952இல் ஒரே ஆண்டில், ஜூனில் ஒருவரும் செப்டம்பரில் ஒருவருமாக மறைந்த டூயியும் சாந்தயானாவும் 2013 முதலே இங்கு பொதுச்சொத்து. பூட்டிக் கிடப்பது ஆசிரியரின் சொற்கள் அல்ல. அந்தச் சொற்கள் எவ்வாறு மாறின என்னும் உங்கள் பட்டியல்கள்தாம். அந்தப் பட்டியல்களைத் தயாரிக்க அமெரிக்க மக்களின் வரிப்பணத்திலிருந்து, மொழி, வரலாறு, மெய்யியல் முதலிய மானுடப் புலங்களுக்கான தேசிய நிதியத்தின் வழியாக, பல்லாண்டு உதவி கிடைத்திருக்கிறது. ஆக, பொதுப்பணத்தில் விளைந்த பகுதியே பூட்டுக்குள்ளும், சந்தையில் விளைந்த பகுதி தெருவிலும் இருக்கிறது. இது தலைகீழ் என்று உங்களுக்குத் தோன்றவில்லையா?

பதிப்பகங்களின் இடர்ப்பாட்டை நான் அறியாதவன் அல்லன். தொகுதி விற்பனை சில நூறுகளைத் தாண்டாத துறையில், சந்தாவும் இல்லையென்றால் அடுத்த தொகுதிக்கு ஆள் வைப்பது எப்படி என்று நீங்கள் கேட்பீர்கள். அச்சுத் தொகுதியை விலைக்கு விற்றபடியே, வெளிவந்து பத்தாண்டு கடந்த தொகுதிகளின் பாடவேறுபாட்டுப் பட்டியலை மட்டுமாவது திறந்துவிடலாமே என்பது என் யோசனை. 1990ஆம் ஆண்டுவாக்கில் முடிந்துவிட்ட டூயி பதிப்பிலிருந்து இதைத் தொடங்குவதில் எவருக்கும் நட்டம் வரும் என்று நான் நம்பவில்லை.

டூயி தம் கடைசி ஆண்டுகளில், ‘அனுபவமும் இயற்கையும்’ நூலுக்குப் புதிய முன்னுரை ஒன்றை எழுத முயன்று முடிக்காமல் விட்டார். ‘அனுபவம்’ என்ற சொல்லின் பழைய பொருள்கள் தம் கருத்தை விழுங்கிவிட்டன என்று சலித்து, இன்று எழுதுவதானால் ‘பண்பாடும் இயற்கையும்’ என்றே தலைப்பிடுவேன் என்று அதில் குறித்தார். இறுதி நோக்கத்தை மதிக்கும் உங்கள் நெறியின்படி பார்த்தால் தலைப்பையே மாற்றியிருக்க வேண்டும்! நீங்கள் மாற்றவில்லை; நல்லது செய்தீர்கள்; அதையும் பின்னிணைப்பில் வைத்தீர்கள். அந்தத் தயக்கம் ஒன்றே போதும், ‘இறுதி’ என்ற சொல் இந்த ஆசிரியரிடம் செல்லாது என்று காட்டுவதற்கு. தமிழில் எனக்கு இது சொல்லாராய்ச்சிச் சிக்கலும்கூட: ‘அனுபவம்’ என்றால் எங்கள் பேச்சில் பட்டுத் தெரிந்துகொண்டது என்று பொருள், அகத்துக்குள் பூட்டிய உணர்வு என்று பொருள் இல்லை. ஆங்கிலத்தில் டூயியைக் கைவிட்ட சொல், தமிழில் ஒருவேளை அவரைத் தாங்கக்கூடும். ஆனால் அவர் அதைக் கைவிட்டார் என்பதை அறியாத தமிழ் வாசகருக்கு அந்த நயம் எப்படிப் புரியும்?

ஆகவே என் மொழிபெயர்ப்பில் 1925ஆம் ஆண்டு அத்தியாயத்தை இடப்பக்கமும் 1929ஆம் ஆண்டு அத்தியாயத்தை வலப்பக்கமுமாக எதிரெதிரே அச்சிட்டு, சாந்தயானாவின் மதிப்புரையையும் டூயியின் பதிலையும் அவற்றுக்குப் பின்னும், முடியாத அந்த முன்னுரையைக் கடைசியிலும் வைக்க எண்ணியிருக்கிறேன். முன்னவற்றுக்கு எவர் அனுமதியும் தேவையில்லை. முன்னுரையின் பாடத்துக்கும், அதற்கு உங்கள் ஆசிரியர்கள் எழுதிய பாடக்குறிப்புகளுக்கும் அனுமதி வேண்டும். கட்டணம் உண்டென்றால் அதைச் சொல்லுங்கள். இந்திய விலையில் முந்நூறு படி விற்கும் ஒரு புத்தகத்துக்குத் தாங்கக்கூடியதாக அது இருக்க வேண்டும் என்பதையும் கருதிச் சொல்லுங்கள். முதல் அத்தியாயத்தின் இரு வடிவங்களும் தமிழில் முடிந்து மேசையில் இருக்கின்றன.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு மொழிபெயர்ப்பாளன்